அவனன்றி ஓர் அணுவும் அசையாது என்றால் தீமை யார் கணக்கில்?

பிடோக் வாசகி
ஆகஸ்ட் 17, இரவு 9.12

ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டையும் சொல்கிறோம். காலையில் ‘அவனன்றி ஓர் அணுவும் அசையாது’. மாலையில் ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’. முன்னது சரி என்றால் கொலைகாரன் கையும் அவனால்தான் அசைந்தது. பின்னது சரி என்றால், தலசீமியா என்ற ரத்த நோயோடு பிறந்து மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தை அந்தத் தீதைத் தானே தேடிக்கொண்டது. இப்போது இங்கே சிங்கப்பூரில் சீனர்களின் ஏழாம் மாதம். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஆவிகளுக்காகத் தாள் எரிகிறது; பேய்க்கும் ஒரு பங்கு உண்டு என்கிறார்கள். கடவுள், மனிதன், சாத்தான் என்ற மூவரில் யார் பொறுப்பு? ‘எல்லா மதமும் ஒன்றுதான்’ என்று முடிக்க வேண்டாம். உங்கள் உங்கள் நூல் என்ன சொல்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

திருமுறை அன்பர்
ஆகஸ்ட் 17, இரவு 10.40

புறநானூறு 192ஆம் பாட்டை இரண்டாம் அடியோடு நிறுத்திவிடுவதால் வரும் குழப்பம் இது. மொத்தம் 13 அடி. பாதிக்கு மேல் போனால் மழை பெய்கிறது, பேராறு கல்லில் மோதி இரைகிறது, நீர் போகும் வழியில் புணை போகிறது. ‘ஆருயிர் முறைவழிப் படூஉம்’ என்கிறார் பூங்குன்றனார். ‘பிறர்தர வாரா’ என்று சொன்ன அதே வாய்தான். நீங்கள் காலை, மாலை என்று பிரித்த இரண்டும் ஒரே பாட்டுக்குள் இருக்கின்றன.

அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைப் பாருங்கள். ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.’ உயர்ந்தவன் முழுக்கத் தன்னால் உயரவில்லை, தாழ்ந்தவன் முழுக்கத் தன்னால் தாழவில்லை. ஆகவே வியப்பும் இல்லை, இகழ்ச்சி அதைவிடவும் இல்லை. பிறரைப் பார்க்கும்போது ‘முறை’யை நினை, உன்னைப் பார்க்கும்போது ‘பிறர்தர வாரா’வை நினை. நான் அந்தப் பாட்டை இப்படித்தான் படிக்கிறேன்.

சைவ சித்தாந்தத்தைத் தனியாக எழுதுகிறேன். அது இரண்டு வரியில் முடியாது.

குறள்வழி
ஆகஸ்ட் 18, காலை 7.05

எபிக்யூரஸ் என்ற கிரேக்கத் தத்துவ அறிஞர் பெயரில் வழங்கும் பழைய கேள்வியை முதலில் வைத்துவிடுவோம். தீமையை ஒழிக்கக் கடவுளுக்கு மனம் இருந்தும் முடியவில்லையா? அப்படியென்றால் வல்லவர் அல்ல. முடிந்தும் மனம் இல்லையா? நல்லவர் அல்ல. இரண்டும் உண்டு என்றால் தீமை எங்கிருந்து வந்தது? இதற்கு நேர்ப்பதில் சொல்லிவிட்டு யாரும் மேலே போகட்டும்.

வள்ளுவரே 1062இல் ‘இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றியான்’ என்கிறார். ஒருவன் பிச்சை எடுத்துத்தான் வாழ வேண்டும் என்றால், இந்த உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும். வறுமையை வறியவன் வினையில் எழுதாமல் படைத்தவன் தலையில் எழுதிய குறள் இது. பெரியார் 1929இல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோன பிறகு இங்கே 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. சாதியை ‘முன்வினை’ என்று நியாயப்படுத்தும் பேச்சுக்கு எதிராகத்தான் அந்தத் தலைமுறை வேலை செய்தது. என் பதில்: மனிதன். வேறு யாரும் இல்லை.

திருமுறை அன்பர்
ஆகஸ்ட் 18, இரவு 11.20

சித்தாந்தத்தில் தொடக்கம் இல்லாத பொருள்கள் மூன்று: பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் ஆணவம் முதலியவை). இறைவன் உயிர்களை ஒன்றும் இல்லாததிலிருந்து படைக்கவில்லை, ஆணவத்தையும் படைக்கவில்லை. செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரோடு என்றும் இருப்பது. ஆகையால் ‘கடவுள் ஏன் தீமையைப் படைத்தார்’ என்ற கேள்வி இங்கே பிறப்பதில்லை. சாத்தானுக்கும் வேலை இல்லை. தீமையின் வேர் உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம். அது வெளியிலிருந்து ஏவி விடப்பட்ட ஆள் அல்ல.

அடுத்தது கன்மம், அதாவது வினை. கன்மம் சடம். யார் செய்தது, யாருக்கு எப்போது சேர வேண்டும் என்று அதற்குத் தெரியாது. செய்தவனிடம் பயனைச் சேர்ப்பது இறைவன். சிவஞானபோதம் இரண்டாம் சூத்திரத்தில் ‘ஆயிரு வினையின் போக்கு வரவு புரிய’ என்று மெய்கண்டார் வைப்பது இதைத்தான். கை அசைவதற்கான ஆற்றல் அவனுடையது. கை எதை நோக்கி அசைகிறது என்பது உயிரின் விருப்பம். ‘அணுவும் அசையாது’ என்பதை இந்த அளவோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் கொலைகாரனுக்கு வக்காலத்து ஆகிவிடும்.

வினை மூன்று வகை. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கு நுகர வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம். நடைமுறையில் எல்லாரும் சறுக்கும் இடம் இங்கேதான் இருக்கிறது. ஒருவன் என்னை ஏமாற்றினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு எனக்கு வந்தது என் பிராரத்தம் என்று நான் சொல்லிக்கொள்ளலாம், மனம் ஆறும். ஆனால் ஏமாற்றிய செயல் அவனுக்கு ஆகாமியம், புதுக் கணக்கு. ‘உன் வினையை உனக்குக் கொண்டுவந்து சேர்த்தேன், அவ்வளவுதான்’ என்று அவன் சொல்ல முடியாது. ஒரே நிகழ்ச்சி, நுகர்பவனுக்கு ஒரு கணக்கு, செய்தவனுக்கு வேறு கணக்கு. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் விதிவாதம் அயோக்கியனுக்குக் கேடயமாகிவிடுகிறது.

குறள்வழி அண்ணே, உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: சித்தாந்தம் ‘வல்லவர்’ என்பதில்தான் விலை கொடுக்கிறது. ஆணவம் அவன் படைப்பு அல்ல என்றால், அவனுக்கு முன்பே எதிரில் ஒன்று இருக்கிறது என்று ஆகிறது. அதை ஒளிக்காமல் ஏற்கிறது. ஆணவத்தை ஒரே நொடியில் அழிக்காமல், பல பிறவிகளில் பக்குவப்படுத்தி அதன் வலிமையை அடக்குகிறான் என்கிறது. ஐந்தொழிலில் நான்காவது மறைத்தல், அதற்காகத்தான்.

மறைக்கல்வி
ஆகஸ்ட் 19, பிற்பகல் 1.30

விவிலியத்தில் சாத்தான்தான் எல்லாத் தீமைக்கும் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே நிகழ்ச்சியை இரண்டு நூல்கள் எப்படிச் சொல்கின்றன என்று பாருங்கள். தாவீது அரசர் படைத்திறன் பார்க்க மக்கள்தொகை எடுத்த செய்தி. 2 சாமுவேல் 24:1இல் தாவீதைத் தூண்டியது ஆண்டவரின் சினம். 1 குறிப்பேடு 21:1இல் தூண்டியது சாத்தான். பின்னது காலத்தால் பிந்திய நூல். கடவுள் மீது அந்தத் தூண்டுதலைச் சொல்ல மனம் ஒப்பாத தலைமுறை அது.

அதைவிட முக்கியம் 2 சாமுவேல் 24:10. தாவீது வாய் திறந்தபோது ‘ஆண்டவர் தூண்டினார்’ என்றும் சொல்லவில்லை, ‘சாத்தான் தூண்டினான்’ என்றும் சொல்லவில்லை. ‘நான் பாவம் செய்தேன்’ என்றார். நூலாசிரியர் பின்னணியைச் சொல்லலாம். செய்தவன் வாயில் அது வரக்கூடாது. யாக்கோபு 1:13-14 இதையே சட்டமாக்குகிறது: சோதனையில் விழுகிறவன் ‘கடவுள் என்னைச் சோதிக்கிறார்’ என்று சொல்லக்கூடாது; ஒவ்வொருவரும் தம் தீய நாட்டத்தாலேயே ஈர்க்கப்படுகிறார்.

யோபு நூலிலும் சாத்தான் அனுமதி கேட்டுத்தான் தொடுகிறான். முதலில் உடைமை மட்டும், பிறகு உடல், உயிர் கூடாது. இரண்டாம் அதிகாரத்தோடு மேடையை விட்டே போய்விடுகிறான். மீதி நாற்பது அதிகாரங்களில் யாரும் அவன் பெயரை எடுப்பதில்லை. தொடக்க நூல் மூன்றாம் அதிகாரத்தில் இருப்பது பாம்பு மட்டுமே. அதைச் சாத்தானோடு சேர்ப்பது திருவெளிப்பாடு 12:9.

பிடோக் வாசகி
ஆகஸ்ட் 19, இரவு 8.02

அப்படியானால் ‘பேய் பிடித்தது’ என்று கூட்டிக்கொண்டு வருகிறவர்களை ஆலயத்தில் என்ன செய்கிறார்கள்?

மறைக்கல்வி
ஆகஸ்ட் 19, இரவு 8.25

முதலில் மருத்துவர். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1172ஆம் விதிப்படி, ஆயரின் வெளிப்படையான தனி அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்தக்கூடாது. அனுமதி பெறும் குரு பக்தியும் அறிவும் முன்மதியும் நேர்மையும் உடையவராக இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. மனநோயா என்று பார்த்து விலக்கிய பிறகே அந்தப் பேச்சு. சொந்தமாக அறையைப் பூட்டி, ஆளைக் கட்டிப்போட்டு, மருந்தை நிறுத்திவிட்டுச் செபிக்கும் குழுக்கள் செய்வது இதற்கு முற்றிலும் எதிரானது. மருந்தை நிறுத்தச் சொல்லும் யாரிடமிருந்தும் நோயாளியை வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

தோ பாயோ
ஆகஸ்ட் 20, காலை 6.50

நீதிமன்றத்தில் இந்தக் கேள்விக்கு அளவுகோல் உண்டு. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவு. செய்யும் நேரத்தில் மனநிலைப் பாதிப்பால் (1) தான் செய்வது என்ன என்றே தெரியாமல் இருந்தாரா, (2) அது தவறு என்று அறிய இயலாமல் இருந்தாரா, (3) தன் செயலைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை முழுவதும் இழந்திருந்தாரா. மூன்றாவது 2020இல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் சேர்ந்தது. மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. வென்றாலும் நேராக வீட்டுக்குப் போக முடியாது. கொலை வழக்கில் 300ஆம் பிரிவின் ஏழாம் விதிவிலக்கு தனி: மனக்கோளாறு பொறுப்பைப் பெரிதும் குறைத்திருந்தால் குற்றம் ஒரு படி இறங்கும்.

1981இல் இங்கே இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்ட வழக்கு நினைவிருக்கும். அட்ரியன் லிம் தன்னைத் தெய்வ ஊடகமாகக் காட்டிக்கொண்டு, காளிக்குப் பலி என்றார். வாதம் அந்த ஏழாம் விதிவிலக்கின் கீழ் வந்தது. மனநல மருத்துவர்கள் இரு தரப்பிலும் சாட்சி சொன்னார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை; 1983இல் அவருக்கும் கூட்டாளிகள் இருவருக்கும் மரண தண்டனை. நோய்க்குச் சட்டத்தில் இடம் உண்டு. தெய்வத்துக்கும் பேய்க்கும் சாட்சிக்கூண்டில் இடம் இல்லை.

திருமுறை அன்பர்
ஆகஸ்ட் 20, காலை 7.15

அந்த வழக்குக்குப் பிறகு காளி பெயரைச் சொன்னாலே சீன நண்பர்கள் ஒரு மாதிரி பார்த்த காலம் இருந்தது. வீரமாகாளியம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்கு ஏற்றும் தாய்மார்களுக்கும் அந்தக் கொடுமைக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

மரைக்காயர்
ஆகஸ்ட் 21, இரவு 10.10

களா கத்ரை, அதாவது அல்லாஹ்வின் விதியை நம்புவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஆறு கடமைகளில் ஒன்று. நன்மை தீமை எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படி. ‘அப்படியென்றால் நான் பொறுப்பில்லை’ என்று இதிலிருந்து ஒருவன் நழுவ முடியுமா? குர்ஆன் 4:78இல் எல்லாமே அல்லாஹ்விடமிருந்து என்று வருகிறது. அடுத்த வசனம் 4:79: உனக்கு நேரும் நன்மை அல்லாஹ்விடமிருந்து, தீமை உன்னிடமிருந்தே. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன; ஒன்றைப் படித்துவிட்டுப் பக்கத்தை மூட விடவில்லை.

ஷைத்தானைப் பற்றி 14:22. தீர்ப்பு முடிந்த பிறகு ஷைத்தானே பேசுகிறான்: உங்கள் மீது எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, அழைத்தேன், நீங்கள் வந்தீர்கள், என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள். பழியை அவன் மேல் போடலாம் என்று இருந்தவர்களுக்கு அவன் வாயாலேயே பதில்.

நம் ஊர்களில் ஓதிக்கொடுக்கும் அகீதா (நம்பிக்கைக் கோட்பாடு) பெரும்பாலும் அஷ்அரி என்ற இறையியல் வழி. செயலைப் படைப்பது அல்லாஹ். அதைத் தனதாக்கிக்கொள்வது அடியான். அதற்கு ‘கஸ்ப்’ என்று பெயர். முஃதஸிலா என்ற இன்னொரு வழியினர் மனிதனே தன் செயலைப் படைக்கிறான் என்றார்கள்; அல்லாஹ்வின் நீதியைக் காப்பாற்ற நினைத்தார்கள். அஷ்அரிகள் அவன் வல்லமையைக் காப்பாற்ற நின்றார்கள். எபிக்யூரஸ் கேள்வியின் இரண்டு கொம்பும் இங்கேயும் தெரிகிறதா, குறள்வழி அண்ணே?

இன்னொன்று. ஆதம் (அலை), மூஸா (அலை) இருவரும் வாதாடியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. ‘எங்களைச் சொர்க்கத்திலிருந்து வெளியேற்றிவிட்டீர்களே’ என்கிறார் மூஸா. ‘நான் படைக்கப்படும் முன்பே எழுதப்பட்ட ஒன்றுக்காகவா என்னைப் பழிக்கிறீர்’ என்கிறார் ஆதம். ஆதம் வென்றார் என்கிறது ஹதீஸ். பாவத்துக்கு விதியைச் சாக்குச் சொல்லலாம் என்று இதை வைத்து ஒரு கூட்டம் கிளம்பியது. இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள் தந்த விளக்கம்: மூஸா கேட்டது பாவத்தைப் பற்றி அல்ல, வெளியேற்றம் என்ற துன்பத்தைப் பற்றி. நேர்ந்த துன்பத்துக்கு விதியைச் சொல்லலாம், செய்த குற்றத்துக்குச் சொல்லக்கூடாது. திருமுறை ஐயா எழுதிய பிராரத்தம், ஆகாமியம் பிரிவினையும் இதுவும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பாருங்கள்.

குறள்வழி
ஆகஸ்ட் 22, காலை 7.40

பாய், கொம்பு தெரிகிறது. நீங்கள் மூவரும் செய்த குற்றத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. யாரும் செய்யாததற்கு என்ன பதில்? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை. நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் இருக்கும் கரை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மாதா கோயிலில் கூட்டம். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நம்மை சுமத்ரா தீவு மறைத்துக்கொண்டது. எங்கள் புண்ணியமா அது? அவர்கள் பாவமா?

கட்டமைப்பாளர்
ஆகஸ்ட் 22, இரவு 9.55

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். விபத்து விசாரணையில் ‘யார் பொறுப்பு’ என்று மொத்தமாகக் கேட்க மாட்டோம். நிகழ்ச்சியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் யார் கையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். ஆழிப்பேரலையை அப்படிப் பிரியுங்கள். கடலடித் தட்டு நழுவியது: யார் கையிலும் இல்லை. நிலநடுக்கம் இந்திய நேரம் காலை 6.29க்கு, அலை நாகைக் கரையைத் தொட்டது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. அந்த இரண்டு மணி நேரம் மனிதர் கையில் இருந்தது. பசிபிக் கடலுக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்தது, இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஐதராபாத்தில் இந்தியாவின் எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. மூன்றாவது துண்டு, கரையை ஒட்டி யார் குடிசை போட வேண்டியிருந்தது என்பது. அதுவும் மனிதர் கையில்.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று. சிராங்கூன் சாலை, ஓவன் சாலை சந்திப்பு. பெருமாள் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். 1986 மார்ச் 15 முற்பகலில் ஆறு மாடி ஹோட்டல் நியூ வோர்ல்ட் ஒரு நிமிடத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள், 17 பேர் மீட்கப்பட்டார்கள். எரிவாயு வெடித்ததா என்ற சந்தேகம்கூட வந்தது. விசாரணையில் தெரிந்தது வேறு. கட்டடம் 1971இல் எழுந்தது. வடிவமைப்புக் கணக்கில் மேலே வந்து சேரும் பாரம், அதாவது ஆட்கள், கட்டில், மேசை எல்லாம் இருந்தது. கட்டடத்தின் சொந்தப் பாரம் விட்டுப்போயிருந்தது.

அது எவ்வளவு பெரிய விடுபாடு என்று தெரிய ஓர் எளிய கணக்கு. கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. 150 மில்லிமீட்டர் தடிமன் தளம் என்று வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 360 கிலோ. தங்கும் அறையில் ஆட்களுக்கும் சாமானுக்கும் நாம் வைக்கும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. 200ஐ எழுதி 360ஐ மறந்தால் என்ன ஆகும்? சுவர், உத்திரம், தூண் இன்னும் சேரவில்லை. இத்தனைக்கும் 15 ஆண்டு நின்றது. பிறகு கூரையில் குளிர்சாதனக் கருவி, முகப்பில் ஓடு, வங்கிக்குப் பெட்டகம் என்று பாரம் ஏறியது. கடைசி நாட்களில் தூண்கள் வெடித்தன. ஒரு தூண் கைவிட்டால் அதன் பாரம் பக்கத்துத் தூண்களுக்குப் போகும். அவை ஏற்கெனவே எல்லையில் நிற்கின்றன. விரிசலைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கட்டடத்தைக் காலி செய்யச் சொல்ல ஆள் இல்லை.

பிறகு 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம். வடிவமைத்த பொறியாளரின் கணக்கை அவரோடு சம்பந்தமில்லாத, அங்கீகாரம் பெற்ற இன்னொரு பொறியாளர் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். குடியிருப்புக் கட்டடங்களுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டமைப்புச் சோதனை. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் தூணைத் தட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குப் பின்னால் அந்த 33 பேர் இருக்கிறார்கள்.

மறைக்கல்வி
ஆகஸ்ட் 23, காலை 6.20

லூக்கா 13:4இல் இதே கேள்வி இயேசுவிடம் வருகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, ‘அப்படி அல்ல’ என்கிறார். யோவான் 9இல் பிறவிப் பார்வையற்றவரைக் காட்டிச் சீடர்கள் கேட்கிறார்கள்: பாவம் செய்தது இவரா, இவர் பெற்றோரா? இவரும் இல்லை, பெற்றோரும் இல்லை என்று சொல்லிவிட்டு, உமிழ்நீரில் சேறு குழைத்து அவர் கண்ணில் பூசுகிறார். காரணத்தைப் பற்றிய பேச்சு இரண்டு வரி. மீதி வேலை.

யோபுவின் நண்பர்கள் எலிப்பாசு, பில்தாது, சோப்பார் மூவரும் ‘நீ ஏதோ செய்திருப்பாய்’ என்று வாதிட்டவர்கள். 42ஆம் அதிகாரத்தில் கடவுள் சினம் கொள்வது அவர்கள் மேல். ஏழு காளை, ஏழு ஆட்டுக்கிடாய் கொண்டுபோய், யோபு உங்களுக்காக மன்றாடினால் விடுகிறேன் என்கிறார். பாதிக்கப்பட்டவனிடமே போய் நிற்க வைக்கிறார்.

குறள்வழி
ஆகஸ்ட் 23, காலை 8.00

பொறியாளர் சொன்னது எனக்குப் பிடித்தது. சாமியைக் கூப்பிடாமலே எல்லாத் துண்டுக்கும் பதில் வந்துவிட்டது.

திருமுறை அன்பர்
ஆகஸ்ட் 23, இரவு 11.45

வரவில்லை அண்ணே. ‘அந்த நேரத்தில் என் பிள்ளை ஏன் அங்கே இருந்தான்’ என்று கேட்கும் தாய்க்குப் பாரக் கணக்கில் பதில் கிடையாது. அந்தக் கேள்வியை அவள்தான் கேட்கலாம், பதிலையும் அவள்தான் எடுத்துக்கொள்ளலாம். நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

எங்கள் பக்கத்து ஆதாரம் ஒன்றை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில் இருந்தபோது உடன் வந்த அடியார்களுக்குக் குளிர்காய்ச்சல்.  அப்போது பாடிய பதிகம், முதல் திருமுறை 116:

அவ்வினைக்கு இவ்வினை ஆம்என்று சொல்லும் அஃதறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனம்அன்றே

வினைக்கு வினை வரும் என்ற சட்டத்தை அவர் மறுக்கவில்லை. அது தெரிந்தும் பிழைக்கும் வழியைத் தேடாமல் இருக்கிறீர்களே, அது உங்கள் குறை அல்லவா என்கிறார். அடுத்த அடி ‘கைவினை செய்து’ என்று தொடங்குகிறது. இரண்டாம் பாட்டில் ‘காவினை இட்டும் குளம்பல தொட்டும்’ என்று சோலை வைப்பதும் குளம் வெட்டுவதும் வருகிறது. ஊழ் என்று ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவர் 620இல் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்று முடிப்பதும் இந்த வழிதான்.

மரைக்காயர்
ஆகஸ்ட் 24, அதிகாலை 5.55

இதற்கு அப்படியே இணையாக இரண்டாம் கலீஃபா உமர் (ரலி). ஷாமில் (சிரியாப் பகுதியில்) அம்வாஸ் கொள்ளைநோய். தோழர்களோடு போன உமர் ‘ஸர்க்’ என்ற இடத்தில் செய்தி கேட்டுத் திரும்ப முடிவெடுக்கிறார். ‘அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்’ என்று அபூ உபைதா (ரலி) கேட்கிறார். ‘ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே போகிறோம்’ என்பது உமரின் பதில். திரும்பிப் போவதும் எழுதப்பட்டதுதான். நோய் இருக்கும் ஊருக்குள் போகாதே, நீ இருக்கும் ஊரில் நோய் வந்தால் வெளியேறாதே என்ற நபிமொழியும் அந்த நேரத்தில்தான் அவருக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. 2020இல் இங்கே பள்ளிவாசல்களை மூடியபோது ‘ஈமான் குறைவு’ என்று முணுமுணுத்தவர்களுக்கு அந்த ஹதீஸ் ஒன்றே போதுமாக இருந்தது.

பிடோக் வாசகி
ஆகஸ்ட் 26, இரவு 9.30

துக்க வீட்டில், புளோக் கீழ்த்தளத்தில், வந்தவர் ஒருவர் ‘எல்லாம் போன பிறவியில செஞ்சது’ என்று பெற்றோர் காதில் படும்படி சொன்னால் என்ன செய்வது?

திருமுறை அன்பர்
ஆகஸ்ட் 26, இரவு 9.50

பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை மாற்றுங்கள். விடாமல் சொன்னால் எழுப்பி அழைத்துக்கொண்டு தேநீர் கொடுக்கப் போய்விடுங்கள். அங்கே அவரோடு சித்தாந்தம் வாதிட வேண்டாம். பெற்றோருக்கு அது இன்னும் கொடுமை. பிறகு தனியாகச் சொல்லுங்கள்: இறந்தவரின் பிராரத்தத்தைப் படித்துச் சொல்ல நம்மில் யாருக்கும் கண் கிடையாது, ஆனால் அந்தச் சொல் சொன்னவருக்கு ஆகாமியம்.

குறள்வழி
ஆகஸ்ட் 27, காலை 7.10

குறள் 37. ‘அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை.’ பல்லக்கில் இருப்பவனையும் சுமப்பவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும் என்று பரிமேலழகர் எழுதினார். ‘இதுதான் அறத்தின் வழி என்று அவர்களிடையே சொல்லாதே’ என்று படிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். சுமக்கிறவன் தோளில் பல்லக்கு போதும்.

தாதி, உட்லண்ட்ஸ்
ஆகஸ்ட் 29, பின்னிரவு 1.15

முதல் பதிவில் வந்த தலசீமியா குழந்தைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இரவு வேலை முடிந்து எழுதுகிறேன்.

தாய், தந்தை இருவருமே அந்த மரபணுவைக் கடத்துபவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் கடுமையான தலசீமியா வர 25 விழுக்காடு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்ததால் அடுத்ததற்குக் குறையாது, வராததால் அதிகரிக்காது. ஒவ்வொரு தடவையும் அதே 25. கடத்துபவர்களுக்கு நோய் எதுவும் தெரியாது. சாதாரண ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். சிவப்பணு அளவு சிறியதாக இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்து, பிறகு ஹீமோகுளோபின் வகையைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு முன்போ, கருத்தரிக்கும் முன்போ செய்துகொள்ளலாம். எந்தத் தாயும் ‘நான் என்ன பாவம் செய்தேன்’ என்று இதற்காக அழ வேண்டியதில்லை.

பிறந்த குழந்தைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்திலிருந்து சேரும் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும், அதை வெளியேற்றத் தனி மருந்து. மருந்தை விட்டால்தான் பெரிய ஆபத்து. ‘வினை தீரட்டும்’ என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்களிடம் திருமுறை ஐயா எழுதிய அந்த இரண்டு அடியைச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

திருமுறை அன்பர்
ஆகஸ்ட் 29, காலை 6.05

சொல்லுங்கம்மா. அதற்காகத்தான் அந்தப் பதிகம். குளம் வெட்டச் சொன்னாரே, இந்த ஊரில் அதற்குச் சமமாக என்ன செய்யலாம்?

தாதி, உட்லண்ட்ஸ்
ஆகஸ்ட் 29, இரவு 8.40

ரத்தம் கொடுங்கள். முதல் தடவை கொடுப்பவருக்கு வயது குறைந்தது 16, எடை குறைந்தது 45 கிலோ. 16, 17 வயதினருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்தது பெண்களுக்கு 12.5, ஆண்களுக்கு 13 (டெசிலிட்டருக்குக் கிராம்). நம் பெண்கள் பலர் இந்த எண்ணில்தான் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். முருங்கைக்கீரை, ஈரல், பருப்பு எல்லாம் வாரக்கணக்கில் முன்பே தொடங்க வேண்டும், போகும் நாள் காலையில் சாப்பிட்டுப் பயன் இல்லை. சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், இரும்புச்சத்தை உடல் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் போகாதீர்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்தது 12 வாரம் கழித்து. இடம் ஊட்ரம் சாலை ரத்த வங்கி. அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

குறள்வழி
ஆகஸ்ட் 29, இரவு 8.52

சனிக்கிழமை காலை நான் போகிறேன். ஊட்ரம் பார்க் நிலையத்தில் 10 மணிக்கு நிற்பேன். திருமுறை, மரைக்காயர் பாய், மறைக்கல்வி, வருகிறவர்கள் இங்கேயே எழுதிவிடுங்கள். மீதி வாதத்தை வரிசையில் உட்கார்ந்து வைத்துக்கொள்ளலாம்.